அரைச் சுத்து

ஏனுங்க அம்மிணி, தமிழுங்களா? இல்லீங்க, போன்ல பேசிட்டிருந்தீங்க, காதுல விழுந்துச்சு. நாகர்கோயில் பக்கமுங்களா? அதான் பாத்தேன். நான் ஈஸ்வரமூர்த்தி. சூலூருங்க, கோயமுத்தூர் பக்கம். இப்ப மியூனிக்ல இருக்கறோம். காருக்குச் சாமான் செய்யற கம்பெனியில குவாலிட்டி பாக்கறனுங்க. இந்தப் பனிமலை அடிவாரத்துக் கடையில வந்து தமிழ் கேட்டா காது தானா திரும்பிக்குதுங்க.

கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. கையில வெச்சிருக்கற அந்த ஸ்கீப் பலகை உங்களுக்கா? வீட்டுக்காரர் வரலைங்களா? ஓ, கல்யாணம் ஆகலைங்களா. சரி சரி. தனியா வந்து தனியாவே வாங்கறீங்க. நல்லதுதான். எத்தனை வருசமா ஓட்டறீங்க? மூணாவது குளிரா. சுலபமான நீலச் சரிவு பழகிருச்சு, செங்குத்தான சிவப்புல இப்பத்தான் எறங்கறீங்க. அப்படித்தான சொன்னீங்க? அப்பன்னா அதை எடுத்த எடத்துலயே வெச்சுடுங்க அம்மிணி.

கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அது உங்களுக்கு நீளம் எச்சு. மூக்கு வரைக்கும் வருது பாருங்க. நடுவுல கையை வெச்சு அமுக்கிப் பாத்தீங்களா? கட்டில் சட்டமாட்டம் வெறைச்சுட்டு நிக்குது. வெறைப்பான ஸ்கீ, வெசையாப் போனாத்தான் சொன்ன பேச்சு கேக்கும். மெதுவாப் போனீங்கன்னா அது பாட்டுக்கு நேராப் போயிரும். உங்களுக்குத் தாடைக்குக் கீழ நிக்கற மாதிரி, நல்லா வளைஞ்சு குடுக்கற மாதிரி வேணும். கீழ் வரிசையில வெள்ளை ஜோடி இருக்குது பாருங்க, அதாட்டம். சுத்தமாத் தெரியாதவன் பயந்து பயந்து ஓட்டுவான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாத் தெரிஞ்சவன் எப்படியாச்சும் தப்பிச்சுக்குவான். நடுவுல நிக்கறாங்க பாருங்க, கொஞ்சம் வருது, இன்னும் வந்துரும்னு, அவங்களுக்குத்தான் கெரகம். உங்களைச் சொல்லலீங்க. பொதுவாச் சொல்றேன்.

சித்தெ இருங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால தாடிக்காரன் ஒருத்தன் நிக்கறானே, மெக்கானிக்கு, அவன் இப்ப எந்த ஜோடியை எடுத்தான்? இங்கிருந்து எனக்குத் தெரியல. பச்சையா? பச்சைதானுங்களா? சரி. அப்ப இன்னும் ரெண்டு ஜோடி கழிஞ்சுதான் வருவான்.

எனக்கு ஏன் வேர்க்குதுன்னு பாக்கறீங்களா? உள்ள ஹீட்டர் எச்சா வெச்சிருக்கறானுங்க.

சரி, சொல்லிடறேன். அந்த வரிசையில கடைசியா நிக்குது பாருங்க, நுனி ஆரஞ்சு கலர்ல, அது எங்கூட்டுக்காரியோட ஸ்கீ. கோகிலவாணின்னு பேரு. அவ அந்தத் திரைக்குப் பின்னால பூட்ஸ் போட்டுப் பாத்துட்டிருக்கறா. சூடு பண்ணிக் காலுக்குத் தக்க அமுத்துவாங்க, நேரமாகும். அந்த ஆரஞ்சைக் குடுத்துட்டு, புதுசாப் பழகறவங்க ஓட்டற மாதிரி சின்னதா ஒண்ணு எடுத்துக்கலாம்னு வந்திருக்கறோம். பழசைத் திருப்பி எடுக்கறதுக்கு முன்னால இவங்க பைண்டிங்கை மெசின்ல மாட்டி டெஸ்ட் பண்ணுவாங்களாம். அது எனக்கு இங்க வந்துதானுங்க தெரியும். தெரிஞ்சிருந்தா வீட்லயே முடிச்சிருப்பேன்.

இப்ப நீங்க ஒரு உதவி பண்ணணும். அந்தத் தாடிக்காரனை இக்கட்டால, இந்தப் பக்கமாக் கூப்புட்டு, இந்த ஸ்கீயைப் பத்தி ஏதாச்சும் கேளுங்க. நீளம் சரியா, அகலம் சரியான்னு. ஒரே நிமிசம். நான் உள்ள போயி அந்த ஆரஞ்சுல ஒரு திருகை அரைச் சுத்து திருப்பி வெச்சுட்டு வந்துடுவேன். எங்க வீட்டு ஸ்கீதானுங்க, திருட்டு இல்ல. எதுக்குன்னு கேக்கறீங்களா? கேளுங்க, கேக்கத்தான வேணும். சொன்னா நீங்களே சரீம்பீங்க.

பைண்டிங்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். பூட்ஸைக் கவ்விப் புடிச்சிருக்கறது. விழுந்தா அது தானாக் கழறணும், இல்லீன்னா நீளப் பலகை காலோட சேந்து முறுக்கி முட்டி போயிரும். சும்மா திரும்பும்போது கழறக் கூடாது, கழண்டா ஆளே போயிரும். எவ்வளவு இறுக்கம்னு ஒரு நெம்பரு இருக்குது. உங்க எடை, வயசு, எப்படி ஓட்டுவீங்க, எல்லாம் கேட்டு கடையில வெச்சுக் குடுப்பாங்க. அவ்வளவுதான் விசயம்.

இந்தப் பனி வெளையாட்டு எங்க வீட்டுக்கு வந்ததே அவளாலதானுங்க. அவ ஒரு கிண்டர்கார்டன்ல வேலை பாக்கறா. அங்க கூட வேலை செய்யறவங்க கூட்டிட்டுப் போயிப் பழக்கி விட்டாங்க. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூக்கெல்லாம் செவந்து வந்து நிக்கறா. "ஏனுங்க, நான் மலை மேல இருந்து கீழ வரைக்கும் விழுகாம வந்தனுங்க"ங்கறா. நாப்பது வயசுக்கு மேல! மார்கழிக் குளிருக்கே ஸ்வெட்டர் தேடுன பொம்பளைங்க அவ. சரி, தனியா விடக் கூடாதேன்னு நானும் சேந்துக்கிட்டேன். நான் கிளாசுக்கெல்லாம் போகல. வீடியோ பாத்தே கத்துக்கிட்டேன். மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதென்ன பெரிய விசயம், சாய்மானமும் உராய்வும்தான.

ரெண்டு குளிரு வாடகை ஸ்கீயில ஓட்டுனோம். அப்புறம் சொந்தமா வாங்கிக்கலாம்னா. நான்தான் உக்காந்து பாத்தேன். ரெண்டு மாசம். எந்த நீளம், காலுக்குக் கீழ எத்தனை அகலம், திரும்பற வட்டம் எத்தனை, மரமா, உள்ள கம்பி வெச்சதா, எல்லாத்தையும் அலசி, அவளுக்குன்னு ஒரு ஜோடி முடிவு பண்ணி வெச்சேன். சின்னது, மெத்துனு வளையறது, வேகமே எடுக்காது. எனக்கு ஒண்ணு, கொஞ்சம் பெருசு. நாளைக்கு நல்லா ஓட்டும்போது பத்தாமப் போகக் கூடாதில்லீங்களா, நம்மூர்ல பையனுக்குச் சட்டை தைக்கும்போது கொஞ்சம் விட்டுத் தைக்கற மாதிரி. இதே கடைதான். இதே தாடிக்காரன்தான். நான் அவளுக்கு வேணுங்கறதைச் சொல்லிட்டே இருக்கறேன், அவன் என்னைப் பாக்காம அவளைப் பாத்துக் கேக்கறான். "நீங்க எப்படி ஓட்டுவீங்க?" நான் சொன்னேன், பயந்த சுபாவம், மெதுவாத்தான் ஓட்டுவான்னு. அவன் மூணு ஜோடியை அவ கையில குடுத்து, "மேல போயி மூணையும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க"ன்னுட்டான்.

மேல போனோம். நான் சொன்னதைப் போட்டு ஒரு தடவை எறங்குனா. கழட்டி வெச்சுட்டா. இந்த ஆரஞ்சைப் போட்டு எறங்குனா பாருங்க. கீழ வந்து ஸ்கீயைக் கழட்டாமயே நிக்கறா. மூஞ்சி வேற மாதிரி இருக்குது. "இது நான் கேட்டா பதில் சொல்லுதுங்க"ங்கறா. பலகை பதில் சொல்லுதாம்! பதினாறு வருசம் குடும்பம் நடத்திருக்கறேன், என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

சிரிக்காதீங்க அம்மிணி. சிரிக்கற விசயமில்ல.

பச்சை முடிஞ்சுதுங்களா? என்னது அது, கறுப்பா? கறுப்பு எடுத்துட்டானா! அப்ப இதுக்கு அடுத்தது எங்களதுதான். நீங்க கொஞ்சம் போயிக் கேளுங்களேன். இல்ல, நான் முழுசாச் சொல்லி முடிச்சாத்தான் போவீங்களா? சரி, வெரசாச் சொல்லிடறேன்.

அந்த ஆரஞ்சு ஸ்கீ வந்ததுல இருந்து அவ என்னை முந்திப் போக ஆரம்பிச்சா. போகட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போனவ போயிர வேண்டியதுதான? ஒவ்வொரு வளைவுலயும் நின்னு திரும்பிப் பாப்பா. நான் வர்ற வரைக்கும் நிப்பா. கூட வந்த வெள்ளைக்காரப் பொம்பளைக எல்லாம் அவளோட நிப்பாங்க. என் ஸ்கீ நீளமில்லீங்களா, அது திரும்பறதுக்கு எடம் வேணும், நான் கணக்குப் போட்டு மெதுவா வருவேன். அவ அங்கிருந்து கத்துவா. "மெதுவா வாங்க, அவசரமில்லீங்க, பாத்து வாங்க!" பாசமாத்தான் சொல்றா. எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அத்தனை பேருக்கு முன்னால ஒரு ஆம்பளையைப் பாத்துச் சொல்ற வார்த்தைங்களா அது? நான் கீழ வந்து சேரும்போது எல்லாரும் கை தட்டறாங்க. குழந்தைக்குத் தட்டற மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சுங்க.

ஆனா நான் திருகைத் தொட்டது அதுக்காக இல்ல. அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

போன குளிருல ஒரு வாரம் எங்க கம்பெனியில ஒருத்தனோட சம்சாரம் ஸ்கீயில விழுந்து முட்டி நரம்பு அறுந்து போச்சு. பைண்டிங் கழறல. இறுக்கமா வெச்சுட்டாங்க. அவன் வந்து சொல்லச் சொல்ல எனக்கு இவ நெனப்புத்தான். இவ போற வேகத்துக்கு விழுந்தா என்ன ஆகும்? நான் சொன்னேன், "கோகிலா, உன்ற பைண்டிங்கைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்"னு. அவ, "கடையில வெச்சது சரியாத்தான் இருக்கும், அதைத் தொடாதீங்க"ங்கறா. கடைக்காரனை நம்பறா. மோட்டார் ஊர்ல பொறந்தவன், கட்டுன புருசன், நான் சொன்னா நம்ப மாட்டா.

எங்கூர்ல கம்பெனி செட்டிங்லயே ஓடற மோட்டார் ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். வாங்கி வந்த அன்னைக்கே பிரிச்சு, நம்ம வோல்டேஜுக்கு, நம்ம தண்ணிக்குத் தக்க ஒரு திருகு திருகித்தான் ஓட்டுவோம். எங்கப்பா அப்படி, நான் அப்படி. கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வெப்பான், நம்ம வீட்டுக்கு எது ஆகும்னு நமக்குத்தான தெரியும்? அதே மாதிரிதானுங்க இதுவும். அடுத்த தடவை மலைக்குப் போனப்ப, காலையில அவ கீழ காப்பி குடிச்சுட்டிருந்தா. நாங்க தங்குன வீட்ல ஸ்கீ வெக்கறதுக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு. போனேன். முன்னால இருக்கற கவ்வியில ஒரு சுத்து.

அரைச் சுத்துன்னு சொன்னேனா? ஆமா, அரை. ஒரு சுத்துன்னே வெச்சுக்கங்களேன், முன்னால அரை, பின்னால அரை. ஸ்கீ ரெண்டில்லீங்களா. ரெண்டுலயும் பண்ணுனாத்தான சமமா இருக்கும்.

அன்னைக்கு மத்தியானம் விழுந்துட்டா.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. சிவப்புச் சரிவு. நெழல் விழற எடம், பனி இறுகிக் கண்ணாடியாக் கெடந்துச்சு. நான்தான் சொன்னேன், இன்னைக்கு சிவப்பு வேண்டாம், நீலத்துலயே ஓட்டுவோம்னு. கேக்கல. எனக்கு முன்னால போறா. நான் மேல இருந்து பாக்கறேன். எடது பக்கம் திரும்பறா, நல்லாத்தான் திரும்பறா, சாஞ்சு, அழகா. அப்பிடியே ஒரு ஸ்கீ மட்டும் தனியாக் கழண்டு போகுது. அவ இன்னும் விழக் கூட இல்லீங்க. ஸ்கீ முதல்ல போச்சு, அப்புறம்தான் அவ போனா. ஓரத்துல வலை கட்டி இருக்கற கம்பத்துல போயி தோள் மோதுச்சு. அந்தச் சத்தம் எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சு.

நான் எப்படி எறங்குனேன்னு எனக்கே தெரியல. பாதி வழி உக்காந்தே வந்தேன். போயி அவ தலையை மடியில எடுத்து வெச்சா, கண்ணுல தண்ணி, வலி. ஆனா அவ சொல்றது என்ன தெரியுங்களா? "நான் திரும்புனது தப்புங்க, எடையைத் தப்பான கால்ல போட்டுட்டேன். எனக்கு இதெல்லாம் வராதுங்க"ன்னா. சறுக்கு வண்டியில படுக்க வெச்சுக் கட்டி இறக்கும்போதும் அதையேதான் சொல்லிட்டு வந்தா. நான், "பரவால்ல விடு கோகிலா, எல்லாருக்கும் வராது"ன்னேன். ஆறுதலுக்குத்தான்.

காரை எலும்பு ரெண்டாப் போச்சு. பிளேட் வெச்சாங்க. கோடை முழுக்க அவளுக்குக் கையைத் தூக்க முடியல. நான்தானுங்க தலை வாரி விட்டேன். பின்னக் கூடக் கத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரி, எக்சர்சைசு, சமையல், எதுல ஒரு கொறை வெச்சேன்? அவகிட்டயே கேளுங்க. "உங்களாட்டம் யாரு பாப்பாங்க"ன்னு அவளே சொல்லியிருக்கறா.

அப்புறம் அவ மாறிட்டா. வேலைக்கு சைக்கிள்ல போவா, அதை விட்டுட்டா. பஸ்தான். கூட வேலை செய்யற பொம்பளைக மலைக்குக் கூப்புட்டா, "எனக்குத் தெறமை பத்தாது"ன்னு சொல்லிருவா. ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் புடிச்சுக்கறா. அதைப் பாக்க எனக்கு மனசு கேக்கல. ஆனா பொய் சொல்லக் கூடாது, ஒரு பக்கம் நிம்மதியாவும் இருந்துச்சுங்க. பக்கத்துலயே இருக்கறா. எங்க போனா, எந்தச் சரிவுல கெடக்கறான்னு பதற வேண்டியதில்ல. இந்தக் குளிருக்கு அவளேதான் சொன்னா, "அந்த ஸ்கீயைக் குடுத்துடலாங்க. நீங்க மொதல்ல சொன்னீங்களே, அதையே வாங்கிக்கறேன். நீங்க சொன்னதுதான் சரி." பாத்தீங்களா? கடைசியில அவளே வந்துட்டா. நான் வற்புறுத்தவே இல்ல.

திருகை அன்னைக்கே திருப்பி வெச்சிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா அம்மிணி? அப்புறம் கெல்லர்ல, வீட்டுக்குக் கீழ இருக்கற அறையில, கெடந்துச்சு. யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில நான் எழறதுக்குள்ள அவளே கொண்டு வந்து கார்ல ஏத்திட்டா.

சொல்லியிருக்கலாமுங்களா? எதைச் சொல்றது? சொன்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. ரெண்டு சுத்து லூசு பண்ணுனதுனால விழுந்தேன்னு நெனச்சுக்குவா. அது உண்மையே இல்லீன்னாலும் அப்படித்தான் நெனப்பா. பொம்பளை மனசு. அப்புறம் எங்கிட்ட ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிப்பாளா? பதினாறு வருசம் ஒரு வார்த்தை எச்சாப் பேசாத குடும்பமுங்க. ஒரு திருகுக்காக அது போகணுமா?

ஆமா, ரெண்டுன்னுதான் சொன்னேன். ரெண்டு. ரெண்டுக்குக் கொஞ்சம் மேல. ஏன் நீங்க தள்ளித் தள்ளிப் போறீங்க?

அய்யோ, அவன் ஆரஞ்சை எடுத்துட்டான். பாருங்க, எடுத்துட்டான். இப்பப் போங்க அம்மிணி, ஓடுங்க, எதையாச்சும் கேளுங்க. உங்களுக்கு ஜெர்மன் நல்லா வருது, போன்ல பேசுனீங்களே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏன் அப்படியே நிக்கறீங்க? அந்த ஸ்கீயை ஏன் இறுக்கிப் புடிச்சுட்டு நிக்கறீங்க, வெள்ளையை எடுங்கன்னுதான சொன்னேன்?

மாட்டறான். மெசின்ல மாட்டிட்டான்.

சரி. சரி, விடுங்க. அவன் என்ன பெருசாப் பாத்துரப் போறான். தூசி தட்டித் தூக்கி வெச்சுருவான். தெனமும் நூறு ஸ்கீ பாக்கறவன். இல்ல, மறுக்கா மாட்டறான். குனிஞ்சு அந்த நெம்பரைப் பாக்கறான். எதுக்கு வெளிய வர்றான்? திரைகிட்டப் போறான். அவளைக் கூப்புடறான் பாருங்க. புருசன் இங்க நிக்கறேன், எங்கிட்ட வந்து கேட்டா என்ன?

வந்துட்டா. ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல சாக்ஸோட நிக்கறா, பாருங்க, தரை எத்தனை ஈரம். அவன் என்ன சொல்றான்? மெதுவாப் பேசறானே. உங்களுக்குக் கேக்குதுங்களா? "இதை யாரு லூசு பண்ணுனது"ங்கறானா? "நான் இப்படி வெச்சுக் குடுக்கல"ங்கறான். "இது சின்னப் பசங்களுக்கு வெக்கற அளவு, இதுல நீங்க ஒழுங்காத் திரும்புனாவே கழண்டு போகும்"ங்கறான். மிகைப்படுத்தறான் அம்மிணி. தன் மேல தப்பு வந்துரக் கூடாதுன்னு பேசறான்.

என்னைப் பாக்கறா.

கோகிலா, இங்க வா, அதெல்லாம் அவன் சும்மா சொல்றான். மாட்டும்போதே தப்பா மாட்டியிருப்பாங்க. நான் அன்னைக்கே நெனச்சேன், சொல்லலை. என்ன அப்படிப் பாக்கறே? வேணும்னா இந்த அம்மிணியைக் கேளு. இத்தனை நேரம் நாங்க ஸ்கீயைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். நாகர்கோயில்காரங்க, விவரம் தெரிஞ்சவங்க. சொல்லுங்க அம்மிணி. கடைகள்ல இந்த மாதிரி தப்பெல்லாம் நடக்கும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா.

என்னங்க நீங்க?

என்னங்க, அதைப் போயி அவகிட்ட அப்படியே சொல்றீங்க? காலையில, காப்பி குடிக்கும்போதுன்னு எல்லாம்! நம்மூர்க்காரங்களாச்சேன்னு நம்பி ஒரு மனுசன் மனசு விட்டுப் பேசுனா, அதை அவன் முன்னாலயே எடுத்துப் போட்டு ஒடைப்பீங்களா? நான் உங்களுக்கு நல்ல ஸ்கீ எடுத்துக் குடுக்கலாம்னுதான வந்தேன்?

கோகிலா, அழாத. எல்லாரும் பாக்கறாங்க. அழறியா, சிரிக்கறியா? என்னைப் பேச விடு. எங்க போறே?

பாருங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. திட்டவாச்சும் திட்டலாமில்லீங்களா? அந்தத் தாடிக்காரன்கிட்டப் போயி, "அப்ப நான் சரியாத்தான் திரும்புனனா"ன்னு கேக்கறா. மறுபடி மறுபடி அதையே கேக்கறா. அவனும் ஆமா, ஆமான்னு தலையாட்டறான். அவ முகத்தைப் பாருங்க, அந்த ஆரஞ்சைப் போட்டு மொத மொத எறங்குன அன்னைக்கு இருந்த மாதிரி... அவன் கைல ஸ்கீயைத் திருப்பிக் குடுக்கறா. இறுக்கச் சொல்றா. எடையை அவளே சொல்றா. வயசை அவளே சொல்றா. எப்படி ஓட்டுவீங்கன்னு கேக்கறான். இருங்க, அதை நான் போயிச் சொல்லணும், அவளுக்கு அதெல்லாம் சரியாச் சொல்லத் தெரியாது... சொல்லிட்டா. சிவப்புன்னு சொல்லிட்டா.

உங்களைப் பாத்து எதுக்கு இப்பக் கையைக் காட்டறா? மலை மேல நீங்க எந்த லிப்ட்ல போறீங்கன்னு உங்களை ஏன் கேக்கறா? அம்மிணி, நீங்க போகாதீங்க. இல்ல, போங்க, கூடவே போங்க, அவளைத் தனியா விடாதீங்க. ஆனா போறப்ப ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. எல்லாத்தையும் சொன்னீங்கல்ல, இதையும் சொல்லணும், அதுதான் ஞாயம். நான் பயந்தது முட்டிக்குத்தான். காரை எலும்பு போச்சு, நான் இல்லைங்கல. ஆனா இன்னைக்கு வரைக்கும் அவ முட்டிக்கு ஒண்ணுமே ஆகலைங்க. அதைச் சொல்லுங்க. ஏனுங்க... அதையும் சொல்லுங்க அம்மிணி.